தவிட்டுக்கு வாங்கியவள்

ஏழாம் வகுப்புக்கு 'ஒரு பொருள் தரும் பல சொற்கள்' நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 'வளர்த்தல்' என்று எழுதி, பக்கத்தில் பேணுதல், ஓம்புதல், காத்தல், போற்றுதல், பராமரித்தல் என்று அடுக்கினேன். முதல் பெஞ்சில் ஒரு வாயாடி உட்கார்ந்திருப்பாள். அவள் எழுந்து, "டீச்சர், எல்லாமே ஒண்ணுதானா?" என்று கேட்டாள். "பரீட்சைக்கு ஒண்ணுதான், எழுதிக்கோ" என்று உட்காரவைத்துவிட்டேன். விழுப்புரத்தில் இத்தனை வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன், இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம். திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, இந்த மாதிரிச் சொற்களில் எதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது என்று கறாராக ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

கோழியை அவள் 'வச்சிருக்கேன்' என்பாள். வேலைக்கு மெட்ராஸ் போகிறவர்கள் அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், அந்த வீட்டை 'பாத்துக்கறேன்' என்பாள். ஆட்டை 'வளக்கறேன்' என்பாள். புருஷனைப் பற்றிக் கேட்டால், "அத்த இன்னா பண்றது, மேய்க்கிறேன்" என்பாள். தெருவே சிரிக்கும், அவர் உட்பட. ஆனால் என் விஷயத்தில் மட்டும் அவள் விளையாட்டுக்குக்கூட வார்த்தையை மாற்றிப் போட்டதில்லை.

உறவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும். அவள் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு முருங்கை மரம்தான் எல்லை. பதிமூன்று வயதுவரைக்கும் நான் அவளைத்தான் 'அம்மா' என்று கூப்பிட்டேன். என்னைப் பெற்றவளை 'அக்கா' என்று கூப்பிட்டேன். அப்பா மட்டும் அப்பாவாகவே இருந்தார். எமனுக்கு அப்பன்மார் மேல் சந்தேகம் கிடையாது போலிருக்கிறது. இங்கே பெற்றவளை 'என் அம்மா' என்றே எழுதுகிறேன். எழுதும்போது அது சுலபமாக வந்துவிடுகிறது.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒன்று தவழ்கிற வயசில் போய்விட்டது, இன்னொன்று பேர் வைப்பதற்கு முன்பே. மூன்றாவதாக நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவும் அப்பாவும் பௌர்ணமி தவறாமல் திருவக்கரைக்குப் போய் வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். சாமி ஒரு பக்கம் இருக்கட்டும், சாங்கியமும் செய்துவிடுவோம் என்று ஊரில் சொன்னார்கள். பெற்றவள் ஆசையாக வைத்திருப்பதைத்தானே எமன் கேட்கிறான்? பிள்ளையைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். வேறொருத்தி ஒரு படி தவிடு கொடுத்து அதை வாங்க வேண்டும். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை அவன் சீந்தமாட்டான். எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. ஊருக்கு நாலு குப்புசாமியும் நாலு குப்பம்மாளும் இருப்பார்கள், எல்லோரும் இப்படி வந்தவர்கள்தான்.

வாங்குவதற்கு அவளைச் சொன்னதும் எங்கள் அத்தை குதித்தாளாம். "பொழுது விடிஞ்சா அவ மூஞ்சில முழிக்கவே யோசிக்கறோம், புள்ள இல்லாதவ கையிலயா குடுப்பீங்க?" என் அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசியிருக்கிறாள். "அவங்க கையிலதான் குடுப்பேன். புள்ளையே இல்லாத வூட்டுல எமனுக்கு இன்னா வேல? அங்க வந்து தேடவே மாட்டான்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், முறத்தில் என்னைப் படுக்கவைத்துத் தெருமுனைக் குப்பைமேட்டில் வைத்தார்கள். அவள் புருஷனுக்கு ரைஸ்மில்லில் வேலை, தவிட்டுக்குப் பஞ்சமா? படி நிறைய அளந்து என் அம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டு, அவள் முறத்தோடு என்னைத் தூக்கிக்கொண்டாள். இந்தச் சாங்கியத்தில் அதற்கப்புறம் ஒரு பேச்சு உண்டு. வாங்கினவள் பெற்றவளிடம் பிள்ளையை நீட்டி, "இது எம் புள்ள. எனக்கு வளத்துக் குடு" என்று சொல்ல வேண்டும். பெற்றவள், "வளத்துத் தரேன்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றையிலிருந்து பிள்ளை அவளுடையது, வளர்ப்பது மட்டும்தான் இவள். பிள்ளை ஆளாகிற வரைக்கும் பெற்றவள் வாயில் 'எம் புள்ள' என்று வரவே கூடாது. பிள்ளையும் அவளை 'அம்மா' என்று கூப்பிடக் கூடாது. மற்ற வீடுகளில் ரெண்டு மாசத்தில் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள், ஆசைக்கு 'தவிட்டுப் புள்ள' என்று கிண்டல் பண்ணுவதோடு சரி. ஆனால் ரெண்டு பிள்ளையைப் புதைத்தவளும் ஒரு பிள்ளையும் பெறாதவளும் சேர்ந்து செய்த சாங்கியம் இது. இருவரில் ஒருத்தியும் மறக்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றாள். பாண்டி பஸ், மெட்ராஸ் பஸ் என்று ஜன்னல் ஜன்னலாக ஓடுவாள். சாயங்காலம் இடுப்புக் கூடையோடு நேராக எங்கள் வாசலுக்கு வருவாள், உள்ளே வரமாட்டாள். "ஏமே, எம் புள்ள இன்னா துண்ணுச்சி?" என்று குரல் வரும். என் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காலையில் இட்லி, மத்தியானம் ரசம் சோறு, பாதியை வைத்துவிட்டது என்று ஒப்பிப்பாள். "பாதிய வச்சிடுச்சா? ஏன் வச்சிச்சி? ஊட்டுனியா, தட்டப் போட்டுட்டு உன் வேலயப் பாத்துக்கினு இருந்தியா?" என்று விசாரணை நடக்கும். "கவர்மெண்டு இன்ஸ்பெக்டர்கூட வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் வர்றான்க்கா" என்று என் அம்மா முணுமுணுப்பாள். அவள் காதில் வாங்கமாட்டாள். என் இரண்டு கையிலும் மல்லாட்டையைத் திணித்துவிட்டு முருங்கை மரத்தைத் தாண்டிப் போவாள்.

மல்லாட்டையைத் தவிர அவள் எனக்கு வேறு ஒன்றும் தந்ததில்லை. ஒரு வேளை சோறு போட்டதில்லை. பாய் விரித்து ஒரு ராத்திரி படுக்கவைத்துக்கொண்டதில்லை. அவள் புருஷனுக்கே இது புரியவில்லை. "வாங்குனதுதான் வாங்குன, ஒரு கைப்பிடி சோறு போட்டா கொறஞ்சா பூடும்?" என்று ஒருநாள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். அவள் கூடையிலிருந்து சொத்தைக் காயைப் பொறுக்கிப் போட்டபடி சொன்னாள்: "சோறு போட்டா அது வளக்கறதாயிடும். வளக்கறது அவ. அவளுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான், அதுல போயி நான் கைய வெக்கறதா?"

நான் கீழே விழுந்தால், வலிக்கிற அவசரத்தில் 'அம்மா' என்று அலறிக்கொண்டு, எதிரிலேயே நிற்கிற என் அம்மாவைத் தாண்டி அவள் வீட்டுக்கு ஓடுவேனாம். அவள் தூக்கிக் கண்ணைத் துடைத்து, அதே கையோடு கொண்டுவந்து என் அம்மாவிடம் கொடுப்பாள். "எம் புள்ளைக்கு முட்டி பேந்துடுச்சி, மஞ்சத்தூள் வையி" என்பாள். ஒரு தடவைகூட அவளே மஞ்சள் வைத்ததில்லை. போலியோ சொட்டு மருந்து போட வந்த நர்ஸ் "யார் குழந்தை?" என்று கேட்டபோது, என் அம்மா முருங்கை மரத்துப் பக்கம் கையைக் காட்டி, "அவங்க புள்ளங்க. நான் வளக்கறேன்" என்றாளாம். "வேலைக்கு இருக்கியா?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள். "ஆமாங்க" என்றாளாம் என் அம்மா. இதைப் பிற்பாடு ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் மூக்கைச் சிந்தினாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மட்டும் அம்மா பெயர் என்ற இடத்தில் பெற்றவளின் பெயரே இருக்கட்டும் என்று வாங்கினவளே சொல்லிவிட்டாள். "எழுதட்டும், எழுதட்டும். எமன் எங்க ஸ்கூலுக்குப் போயி படிச்சான்?"

மூன்றாம் வகுப்பில் எனக்கு மஞ்சக்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணோடு நகமும் மஞ்சளாகிவிட்டது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கூட்டத்தைப் பிளந்தாள். "தள்ளுங்க, ஜல்தி, ஜல்தி! எம் புள்ள! நான் பெத்த புள்ள!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். யாருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் அம்மா நாலு ஆள் தள்ளி, பையைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி நடந்து வந்தாள்.

வார்டில் ஒருத்தர்தான் கூட இருக்கலாம். அவள் இருந்தாள். என் அம்மா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஞ்சி குடித்தேனா என்று கையால் கேட்பாள், அவள் உள்ளேயிருந்து தலையாட்டுவாள். எனக்கு என் அம்மாவின் வாசனை வேண்டியிருந்தது. "அக்கா ஏம்மா உள்ள வரல?" என்று அவளிடம் கேட்டேன். "அவ வரக்கூடாது கண்ணு. அவ வந்து தொட்டான்னா, வந்துக்கினு இருக்கறவனுக்கு அடையாளம் தெரிஞ்சிடும்" என்றாள். பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் தொடாமல் இருக்க வேண்டும் என்று என் அம்மா நம்பினாள். தொடாமலே இருந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் என் இரண்டு பாதத்தையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் விடவில்லை.

யாரைப் பாவம் என்று சொல்வது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒருத்தி ராப்பகலாக வளர்த்தாள், அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒருத்திக்குப் பிள்ளை இருந்தது, வளர்க்கவில்லை. நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பேரையும் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு ராணி மாதிரி திரிந்தேன்.

எட்டாம் வகுப்பில் வயசுக்கு வந்தேன். இனிப் பயமில்லை, மஞ்சள் நீராட்டோடு சேர்த்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வாசலில் ஷாமியானா, மைக் செட், சீரியல் பல்பு என்று அப்பா கடன் உடன் வாங்கித் தடபுடல் பண்ணினார். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் என் அம்மா முறம் நிறையத் தவிடும் ஒரு பட்டுப் புடவையும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றாள். "உன் தவிடு இந்தா, எம் பொண்ண எனக்குக் குடு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என் அம்மாவுக்கு வரவில்லை. "உன் தவிடு இந்தா" வரைக்கும் வந்தது. அதற்கு மேல், "எம்... எம்..." என்று நின்றுவிட்டாள். பதிமூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாத வார்த்தை, சட்டென்று கேட்டால் எங்கிருந்து வரும்? கூட்டம் சலசலத்தது. மைக் செட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

அவள்தான் குனிந்து, மெதுவாக, "சொல்லுமே. ஒண்ணும் ஆவாது. சொல்லிடு" என்றாள்.

என் அம்மா சொன்னாள். சொல்லும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவள் என் கையைப் பிடித்து என் அம்மாவின் கையில் வைத்தாள். "எடுத்துக்கோ. நல்லா வளத்துட்ட" என்றாள். முறத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் மனையில் உட்கார்ந்தபடியே, "அம்மா, எங்க போற? போட்டோ எடுக்கணும்" என்று கத்தினேன். கேட்காத தூரமில்லை. அவள் திரும்பவில்லை. யாரோ சிரித்தார்கள். "இனிமே அவங்க பெரிம்மாடி" என்று அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

மறுநாள் யார் தடுத்ததையும் பார்க்காமல் அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். அவள் கூடையில் ஈரச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றேன். நிமிரவில்லை. "அம்மா, இங்க பாரேன்." சாக்கின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி பண்ணினாள். நான் அழ ஆரம்பித்தேன். அவள் புருஷனுக்குத் தாங்கவில்லை. "ஏண்டி, கல்லா நீ? ஒரு வாட்டி 'இன்னா'ன்னு கேட்டா வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?" என்றார். அவள் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்: "குடுத்துட்டேன். ஊரக் கூட்டி வெச்சிக் குடுத்துட்டேன். ஆடுன்னா வாரத்துக்கு வளக்கலாம், பொறக்கற குட்டியில உனக்கொண்ணு எனக்கொண்ணுன்னு பிரிச்சிக்கலாம். புள்ளைய எப்பிடிய்யா பங்கு போடறது?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெரிம்மா" என்றேன்.

"இன்னாடி கண்ணு" என்றாள் உடனே. மல்லாட்டை அள்ளிக் கொடுத்தாள்.

அதோடு சாயங்கால விசாரணையும் நின்றுபோனது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். விசாரணையை அதுவரை சனியன் என்று திட்டிய என் அம்மா, இப்போது அந்த நேரம் ஆனதும் சும்மாவே வாசலில் வந்து நிற்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் முருங்கை மரத்தைத் தாண்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "அக்கா, இன்னிக்கி கேப்பை அடையும் முருங்கைக்கீரைப் பொரியலும் துண்ணுச்சி. முழுசாத் துண்ணுடுச்சி" என்றாள். யாரும் கேட்கவில்லை, இவளாகச் சொன்னாள். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "உம் பொண்ணு துண்ணா எனக்கு இன்னாமே? நல்லாத் துண்ணட்டும்" என்றாள். அப்புறம் புகை என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் அம்மா அங்கேயே உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதாள். எனக்கு இருவர் மேலும் கோபமாக வந்தது.

இந்தச் சாங்கியத்தைக் கண்டுபிடித்த மகராசர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. எமனை ஏமாற்றினார்கள், சரி. பிள்ளையின் நாக்கை என்ன செய்வார்கள்? அவளை 'அம்மா' என்று கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் பதில் வராது. என் அம்மாவை இனி 'அக்கா' என்று கூப்பிடக் கூடாது. 'அம்மா' என்று கூப்பிடலாம், அவள் அதற்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வரவில்லை. முயற்சி பண்ணாமல் இல்லை. அவள் முதுகைப் பார்த்து வாயைத் திறப்பேன், காற்றுதான் வரும். 'இங்க பாரு', 'கேளேன்', 'ஏய், சோறு' என்று ஓட்டினேன். கல்யாணமாகி மகன் பிறந்த பிறகு வசதியாகப் போயிற்று. "ஆயா கிட்ட கேளு", "ஆயா கூப்புடுது பாரு" என்று, எங்கள் பக்கம் பாட்டியைக் கூப்பிடுகிற சொல்லில், அவனைச் சாக்கு வைத்துக்கொண்டேன். என் அம்மா ஒரு நாளும் இதைப் பற்றிக் கேட்டதில்லை. நான் பேச வாயெடுக்கும்போது மட்டும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

பெரிம்மாவுக்கு அந்த வார்த்தை மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காலேஜ் படிக்கும்போது ஒருநாள் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பாண்டி பஸ்ஸின் ஜன்னலுக்குள் மல்லாட்டைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றிருந்த பஸ்ஸிலிருந்து எதுவோ ஒரு குழந்தை, தன் தாயைத்தான், "அம்மா!" என்று கூப்பிட்டது. அவள் பொட்டலத்தோடு திரும்பி, "இன்னாடி" என்றாள். திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பிழைப்பைத் தானே நொந்துகொள்கிற மாதிரி தலையில் லேசாகத் தட்டிக்கொண்டாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பஸ் வந்தது, வேறொரு குழந்தை கூப்பிட்டது, அதற்கும் திரும்பினாள். ஊரில் எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் திரும்புகிறாள், நான் கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது.

என் கல்யாணத்தில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, அந்த மீட்புப் புடவைதான், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பந்தியில் சாப்பிட்டாள். யாரோ "நீங்க பொண்ணுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். "பக்கத்து வூடு" என்றாளாம். என் மகனுக்கு முதல் தண்ணீர் ஊற்ற அவளைத்தான் கூப்பிட்டார்கள். வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, "ஏமே, வந்து காலை நீட்டி உக்காரு, உம் பேரன்" என்று என் அம்மாவை உட்காரவைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். புருஷன் போன பிறகும் எங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லி என் அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். அவள் வரவில்லை.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டிலேயே கூடையோடு சாய்ந்துவிட்டாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் இருக்கிற ஊர் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என் அம்மா ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு வந்தவள், அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. துடைத்துவிட்டாள், தலை வாரிவிட்டாள், கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். கடைவாயில் வழிந்ததை விரலால் வழித்து மறுபடி ஊட்டினாள். "மூணு ஸ்பூனுதான் எறங்குச்சி" என்று நான் போனவுடன் என்னிடம் சொல்லுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி ஓடிப் போவேன். அவள் மூச்சு நாளுக்கு நாள் கட்டிக்கொண்டு வந்தது. இனி நம் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னது சனிக்கிழமை மத்தியானம்.

நான் கட்டிலோரம் குனிந்து "பெரிம்மா, பெரிம்மா" என்றேன். இமை லேசாக அசைந்தது, திறக்கவில்லை.

என் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "அப்பிடி இல்ல" என்றாள். "பழையபடி கூப்புடு."

எனக்குப் புரியவில்லை என்கிற மாதிரி பார்த்தேன். புரிந்துதான் இருந்தது.

"கூப்புடு. நான்தான சொல்றேன்? நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். எத்தினி வருசமாக் காதக் கட்டி வெச்சிக்கினு இருக்குது அந்த உசுரு. போறதுக்குள்ள ஒரு வாட்டி கேட்டுட்டுப் போவட்டும்."

சொல்லும்போது அவள் உதடு கோணிக்கொண்டது. தனக்கு ஒரு நாளும் கிடைக்காததைத்தான் எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கச் சொன்னாள். நான் பெரிம்மாவின் காதுக்குப் பக்கத்தில் போனேன். பதிமூன்று வயசுக்கப்புறம் யாரையும் பார்த்து நான் சொல்லாத வார்த்தை.

"அம்மா" என்றேன். முதலில் சத்தமே வரவில்லை. மறுபடியும், "அம்மா!"

கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. நல்லாயிருக்கிற பக்கத்துக் கண்ணில் தண்ணீர் திரண்டு காதுப் பக்கம் ஓடியது. உதடு 'இ' என்று விரிந்தது. இப்போது சொல்லிவிடுவாள், 'இன்னாடி' என்று சொல்லிவிடுவாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உதட்டை மூடிக்கொண்டாள். கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, கால்மாட்டில் நின்ற என் அம்மாவைத் தேடினாள்.

"ஏமே..." வார்த்தை குழறியது, ஆனால் தெளிவாகவே கேட்டது. "உம் பொண்ணு... உன்னத்தான்... கூப்புடுது பாரு. பேசு."

என் அம்மா கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தெரியாமல் தரையில் வைத்தாள். முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா" என்றாள்.

நான் கூப்பிட்டது அவளை இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.